ஒரு மெயிலைத் தேடி சாயப்பட்டறை வரை போனேன்!

"அக்கா, அந்த மெயிலை மட்டும் எடுத்து அனுப்புங்க. அது போதும்" என்று தம்பி போனில் சொன்னபோது நான் கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "இதோ, அஞ்சு நிமிஷத்துல அனுப்பறேன் தம்பி" என்றேன்.

அந்த ஐந்து நிமிஷம் ஒன்பது நாள் ஆனது.

தம்பி என்றால் உடன்பிறந்தவர் இல்லை. திருப்பூரில், பெருமாநல்லூர் பக்கம் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருப்பவர். நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையருக்கும் இங்கே இருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று, ஆர்டர் வந்த நாளிலிருந்து பெட்டி கப்பல் ஏறும் நாள் வரைக்கும் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. பெரிய கம்பெனிகளில் இதற்குத் தனி டிபார்ட்மென்டே இருக்கும். சின்ன கம்பெனிகளுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. அதனால் மூன்று கம்பெனிகள் என் ஒருத்தியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. திங்கள், செவ்வாய் ஓரிடம். புதன், வியாழன் இன்னோரிடம். மிச்ச நாள் மூன்றாவது இடம்.

மூன்று கம்பெனி என்றால் மூன்று மெயில் ஐ.டி. அதோடு என் சொந்த ஜிமெயில். காலையில் காபி குடிப்பதற்குள் நான்கு பெட்டியையும் திறந்து பார்த்துவிடுவேன். திறந்து பார்ப்பதோடு சரி. அதையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

விஷயம் இதுதான். ஜெர்மனி பையர் ஒருவருக்கு ஜூலை மாதம் 6,200 பீஸ் குழந்தைகள் டி-ஷர்ட் அனுப்பியிருந்தோம். நேவி ப்ளூ கலர். அக்டோபரில் அங்கிருந்து ஒரு டெபிட் நோட் வந்தது. 'நாங்கள் ஓகே சொன்னது ஏ ஷேடு. நீங்கள் அனுப்பியிருப்பது பி ஷேடு. அதனால் 3 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொள்கிறோம்.'

பனியன் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மொத்தத் துணிக்கும் சாயம் போடுவதற்கு முன்னால், ஒரே கலரில் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாக மூன்று சின்னத் துண்டுகளுக்குச் சாயம் போட்டு பையருக்கு அனுப்புவோம். லேப் டிப் என்று பெயர். ஏ, பி, சி என்று குறித்திருப்போம். அவர்கள் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மெயில் போடுவார்கள். அந்த ஒரு வரி மெயிலை நம்பித்தான் எழுநூறு, எண்ணூறு கிலோ துணி சாயத் தொட்டியில் இறங்கும்.

மார்ச் மாதம் 'பி ஓகே' என்று மெயில் வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால், அதை அனுப்பிய பெண் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவரின் ஷீட்டில் 'ஏ' என்று இருக்கிறது. என் நினைவை வைத்துக்கொண்டு அவரிடம் என்ன வாதாட முடியும்? மெயில் வேண்டும்.

அது தீபாவளி போனஸ் கொடுக்கவேண்டிய மாதம். தம்பி வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. "போதும்" என்று அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

கண்ணாடியும் போட்டோவும்

தோசையை அப்படியே விட்டுவிட்டு போனை எடுத்துத் தேடினேன். பையர் பெயரைப் போட்டேன். போன மாதம் வாங்கிய புது லேப்டாப்பில் தேடினேன். இரண்டிலும் கடைசி இரண்டு வாரத்து மெயில் மட்டும்தான் இருந்தது. அதற்கு முன்னால் வந்த ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் மாதம் என் பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. "மெயில் எல்லாம் நெட்லதானே இருக்கு, லேப்டாப் போனா என்ன?" என்று அப்போது தைரியமாகத்தான் இருந்தேன். புது லேப்டாப்பில் புது மெயில் வர ஆரம்பித்ததும் பழையதைப் பற்றி நினைக்கவே இல்லை.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் என் மகள்தான் உட்கார்ந்து பார்த்து, நடந்ததைக் கண்டுபிடித்தாள். தம்பி கம்பெனியின் மெயிலுக்கு சர்வரில் இடம் குறைவு. அடிக்கடி நிரம்பிவிடும். அதனால் சில வருஷங்களுக்கு முன்னால் சிஸ்டம் பார்க்க வந்த பையன், மெயில் என் லேப்டாப்பில் இறங்கி 14 நாள் ஆனதும் சர்வரில் இருப்பது தானாக அழிந்துவிடும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் மேல் தப்பில்லை. இடம் பற்றவில்லை என்று புலம்பியது நான்தான்.

"போன்ல தெரிஞ்சுதே கண்ணு? நானே எத்தனையோ தடவை போன்ல படிச்சிருக்கேனே?" என்றேன்.

"போன்ல நீ பார்க்கறது கண்ணாடிம்மா. சர்வர்ல இருக்கறதை அப்படியே காட்டும். அங்க அழிஞ்சா இங்கயும் போயிடும். கண்ணாடில தெரியற முகத்தைப் பத்திரப்படுத்த முடியுமா? அதுக்கு போட்டோ எடுத்து வைக்கணும்."

இத்தனை வருஷம் மெயில் பார்க்கிற எனக்கு அன்றைக்குத்தான் இரண்டும் வேறு என்பது புரிந்தது. மெயிலை எடுப்பதற்கு பாப், ஐமேப் என்று இரண்டு முறை உண்டு. பாப் முறையில், போஸ்ட் ஆபீஸில் இருந்து கடிதத்தை வீட்டுக்கு எடுத்து வருகிற மாதிரி மெயில் நம் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். சர்வரில் ஒரு காப்பி இருக்கட்டும் என்று நாம் சொல்லி வைத்தால்தான் அங்கே இருக்கும். ஐமேப் முறையில் மெயில் சர்வரிலேயே இருக்கும். போன், லேப்டாப் எல்லாம் அதைக் காட்டும் கண்ணாடிகள். எத்தனை கண்ணாடி வைத்தாலும் முகம் ஒன்றுதான்.

செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கை கோயம்புத்தூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். டேட்டா மீட்டுத் தரும் கடை. இரண்டு நாள் வைத்திருந்து, "உள்ள தட்டுலயே கீறல் விழுந்திருக்குங்க மேடம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். தூக்கிப்போட மனசு வரவில்லை.

பெரியவரின் பாக்ஸ் ஃபைல்

ஆறாவது நாள் ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது சட்டென்று பொறி தட்டியது. 'பி ஓகே' என்று மெயில் வந்ததும் அதை நான் யாருக்கு அனுப்பியிருப்பேன்? சாயப்பட்டறைக்குத்தானே!

விடிந்ததும் கிளம்பிவிட்டேன். அந்தச் சாயப்பட்டறையைப் பார்த்துக்கொள்பவர் எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர். "வாங்க அம்மிணி. என்ன காலங்காத்தால?" என்று எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல் இரும்பு அலமாரியைத் திறந்து, மார்ச் மாதம் என்று எழுதிய பாக்ஸ் ஃபைலை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

ஓகே ஆன மெயில் ஒவ்வொன்றையும் பிரின்ட் எடுத்து, அதன் மேலேயே அந்தந்தத் துணித் துண்டைப் பின் அடித்து வைத்திருந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நேவி ப்ளூ. மார்ச் 14, மாலை 4.52. 'பி ஓகே. மொத்தத் துணிக்கும் சாயம் போடலாம்' என்று அந்தப் பெண் எழுதியது, அதற்கு மேல் நான் அவருக்கு எழுதிய இரண்டு வரி, பக்கத்தில் அரை சாண் நீளத்துக்கு அந்தத் துணி.

"எனக்கு மெயிலெல்லாம் அவ்வளவா தெரியாதுங்க. பேரன்தான் சொல்லிக் குடுத்தான். ஆனா, அவங்க சொன்னதும் நம்ம போட்டதும் ஒரே இடத்துல இருக்கோணும். அது அந்தக் காலத்துப் பழக்கம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி டீ சொல்ல வெளியே போனார்.

கதை அங்கே முடியவில்லை. அந்தப் பிரின்ட்டை போட்டோ எடுத்து ஜெர்மனிக்கு அனுப்பினேன். 'ஃபார்வர்டு செய்த மெயிலில் வார்த்தைகளை யார் வேண்டுமானாலும் மாற்ற முடியும், இதை ஏற்க முடியாது' என்று பதில் வந்தது. கோபம் வந்தாலும், அவர்கள் சொல்வது சரிதான். ஆனால், இப்போது என் கையில் தேதியும் நேரமும் சப்ஜெக்ட் வரியும் இருந்தன. 'இந்தத் தேதி, இந்த நேரத்தில், இந்தத் தலைப்பில் உங்கள் பழைய ஊழியர் அனுப்பிய மெயிலை உங்கள் பக்கமே தேடிப் பாருங்கள்' என்று எழுதினேன்.

ஒன்பதாவது நாள் பதில் வந்தது. மெயில் கிடைத்துவிட்டது, டெபிட் நோட்டைத் திரும்பப் பெறுகிறோம், சிரமத்துக்கு மன்னிக்கவும். போன் செய்து சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "சரிங்க அக்கா. சாப்பிட்டீங்களா?" என்றார்.

அங்கே வேலையை விட்டுப் போனவரின் பெட்டியைக்கூட வைத்திருந்தார்கள். இங்கே வேலையில் இருக்கும் என்னுடைய பெட்டியே இல்லை. அதுதான் என்னை ரொம்ப உறுத்தியது.

நான்கு என்று நினைத்தேன், ஏழு இருந்தது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் மகளும் நானும் உட்கார்ந்தோம். முதலில் ஒரு நோட்டில் எல்லா மெயில் ஐ.டி-யையும் எழுதச் சொன்னாள். நான்குதானே என்று ஆரம்பித்தேன். எழுத எழுத ஏழு ஆகிவிட்டது. சாம்பிள் செக்ஷனுக்கென்று ஒன்று, கூரியர் பில்லுக்காக எப்போதோ தொடங்கியது ஒன்று. ஏழாவது, நான் முதன்முதலில் வேலை பார்த்த கம்பெனியினுடையது.

அந்த ஏழாவதைத் திறக்கவே முடியவில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள். இணையத்தில் இருந்த அவர்கள் பெயருக்கு வருஷா வருஷம் கட்டவேண்டிய பணத்தைக் கட்டவில்லை. பெயரோடு சேர்ந்து பெட்டியும் போய்விட்டது. என் எட்டு வருஷ சம்பள ரசீது, வேலையில் இருந்து விடுவித்த கடிதம் எல்லாம் அதில்தான் இருந்தன. கேட்பதற்குக்கூட அங்கே யாரும் இல்லை. வேலை மாறப்போகும் பிள்ளைகளுக்கு இதை ஒரு அக்காவாகச் சொல்கிறேன். சம்பள ரசீது, ஃபார்ம் 16, ஆர்டர், ரிலீவிங் லெட்டர் போன்ற உங்களுடைய பேப்பர்களை வரும்போதே உங்கள் சொந்த இடத்தில் சேர்த்து வையுங்கள். கடைசி நாள் சாயங்காலம் ஐ.டி-யை மூடிவிடுவார்கள்.

அதே சமயம் இன்னொன்றும் இருக்கிறது. கம்பெனி பெட்டியில் இருக்கும் மற்ற மெயில்கள் நம்முடையவை அல்ல. விலை, பையர் விவரம், பேங்க் விவரம் எல்லாம் அதில் இருக்கும். சொல்லாமல் வீட்டுக்கு எடுத்து வந்தால் அதற்குப் பெயர் வேறு. அதனால் மூன்று முதலாளிகளிடமும் முதலில் கேட்டேன். இருவர் சரி என்றார்கள். ஒருவர், "எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே எடுத்து எங்க பீரோவுலயே வெச்சிருங்க" என்றார். அதுவும் நியாயம்தான். அப்படியே செய்தேன்.

செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில், 14 நாளில் அழிக்கும் அந்த செட்டிங்கை மாற்றினோம். தம்பியிடம் சொல்லி சர்வரில் கொஞ்சம் கூடுதல் இடம் வாங்கினோம். பிறகு தண்டர்பேர்டு என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, எல்லா ஐ.டி-யையும் அதில் சேர்த்தோம். அதில் லோக்கல் ஃபோல்டர்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. அதற்குள் போவது சர்வரோடு சம்பந்தமில்லாமல் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். கம்பெனி வாரியாக, வருஷ வாரியாக ஃபோல்டர் போட்டு மெயில்களை அதற்குள் காப்பி செய்தோம். 'மூவ் பண்ணிடாதம்மா, காப்பி பண்ணு' என்று மகள் பத்து தடவை சொல்லியிருப்பாள். மூவ் செய்தால் சர்வரில் இருந்து போய்விடும்.

என் ஜிமெயிலுக்கு கூகுள் டேக்அவுட். அதில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு மெயிலுக்கு மட்டும் டிக் போட்டுக் கேட்டோம். தயாரானதும் இறக்கிக்கொள்ள லிங்க் வரும். அது ஒரு வாரம்தான் வேலை செய்யும். வந்த ஃபைல் எம்பாக்ஸ் என்ற வகை. தண்டர்பேர்டு மாதிரி மென்பொருள்களில் திறந்து படிக்கலாம்.

போனில் மெயில் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஜிமெயிலில் 'ஆர்க்கைவ்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அழுத்தினால் பத்திரமாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. அது மெயிலை இன்பாக்ஸில் இருந்து பார்வைக்கு மறைக்கும், அவ்வளவுதான். மெயில் அதே பெட்டியில்தான் இருக்கும். டெலிட் செய்தது டிராஷில் 30 நாள் இருக்கும், அப்புறம் போய்விடும். இரண்டு வருஷம் திறக்காமலே விட்ட சொந்தக் கணக்குகளை கூகுள் நீக்கிவிடலாம். 2023 டிசம்பரில் இருந்து அதை நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். என் கூரியர் ஐ.டி அந்த நிலைமையில்தான் இருந்தது.

"கூகுள்ல இருக்கறது எங்க கண்ணு போகப்போகுது?" என்று நான் இழுத்தபோது மகள் ஒரு கதை சொன்னாள். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறால் சில ஜிமெயில் கணக்குகள் காலியாகத் தெரிந்தனவாம். மொத்தத்தில் 0.02 சதவீதம் பேர்தான். கூகுள் அந்த மெயில்களை எதிலிருந்து மீட்டது தெரியுமா? டேப்பில் இருந்து! கம்ப்யூட்டரோடு இணைக்காமல் தனியாக வைத்திருந்த காந்த நாடாக்களில் இருந்து. அவ்வளவு பெரிய கம்பெனியும் பெரியவர் மாதிரி ஒரு பாக்ஸ் ஃபைல் வைத்திருக்கிறது!

மொத்தம் மூன்று காப்பி இருக்க வேண்டும், இரண்டு விதமான இடத்தில் இருக்க வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ இருக்க வேண்டும் என்பது கணக்கு. எங்களுக்கு சர்வர் ஒன்று, லேப்டாப் ஒன்று, வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்று. ஹார்ட் டிஸ்க்குக்கு பாஸ்வேர்டு போட்டு, அந்தந்த முதலாளியிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். கொடுப்பதற்கு முன் அதிலிருந்தே மூன்று வருஷத்து மெயில்களைத் திறந்து, அட்டாச்மென்ட் விரிகிறதா என்று பார்த்தோம். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது. ஊறுகாய் ஜாடியைக்கூட நடுநடுவே திறந்து பார்க்கிறோமே!

எத்தனை வருஷத்துக்கு வைப்பது என்று ஆடிட்டரிடம் கேட்டேன். ஜி.எஸ்.டி கணக்கு சம்பந்தப்பட்டதை, அந்த வருஷத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் கொடுக்கவேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதம் வைக்க வேண்டும் என்றார். ஆறு வருஷம்! நாங்கள் 14 நாள் வைத்திருந்தோம்.

பதில் போடாத ஒரு மெயில்

ஜிமெயிலை வருஷ வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மாதம் வந்தது. என் அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாக இருந்த மாதம். ராத்திரி 1.40-க்கு, 2.15-க்கு என்று நான் பையர்களுக்குப் போட்ட பதில்கள் வரிசையாக இருந்தன. ஐ.சி.யு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பட்டன் சைஸ் பற்றி எழுதியிருக்கிறேன். 'தாமதத்துக்கு மன்னிக்கவும்' என்று வேறு ஆரம்பித்திருக்கிறேன். மகள் பக்கத்தில் இருந்ததால் வேகமாகக் கீழே தள்ளினேன்.

நடுவில் தம்பியிடம் இருந்து ஒரு மெயில். கம்பெனி ஐ.டி-க்குப் போடாமல் என் சொந்த ஐ.டி-க்குப் போட்டிருந்தார். 'அக்கா, ஷிப்மென்ட்டை நான் பாத்துக்கறேன். பையர் கேட்டா நான் பேசிக்கறேன். லேட் ஆனா ஆகட்டும். நீங்க அம்மாகூட இருங்க.'

அப்படி ஒரு மெயில் வந்ததே எனக்கு நினைவில் இல்லை. அதற்கு நான் பதிலும் போடவில்லை. அந்த ஷிப்மென்ட் லேட் ஆனதா, அவருக்கு அதனால் எவ்வளவு போனது என்று இன்று வரை அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கம்பெனி ஐ.டி-க்கு வந்திருந்தால் இதுவும் கீறல் விழுந்த அந்தத் தட்டோடு போயிருக்கும்.

அதை மட்டும் பிரின்ட் எடுத்தேன். என்னுடைய பாக்ஸ் ஃபைலில் இப்போது அந்த ஒரு பேப்பர்தான் இருக்கிறது.

மாதா மாதம் பேக்கப் எடுக்க ஒரு நாள் வேண்டுமே, இல்லாவிட்டால் மறந்துபோகும். தம்பி கம்பெனியில் அமாவாசைக்கு அமாவாசை பூஜை போடுவார்கள். அந்த நாளையே வைத்துக்கொண்டேன். பூஜை முடிந்து பொரி, கடலை கொடுப்பதற்குள் புது மெயில்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஏறிவிடும். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் ஒரு முறை திறந்து சரிபார்ப்பது என்று வைத்திருக்கிறோம். சாயப்பட்டறைப் பெரியவரின் மெயிலுக்கும் மகள் ஒரு காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவருடைய பாஸ்வேர்டு சுவரில் காலண்டர் ஓரத்தில் எழுதியிருந்தது. அதை மட்டும் அழிக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் அமாவாசை அன்று ஹார்ட் டிஸ்க்கைத் தம்பி கையில் கொடுத்தேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்னங்க அக்கா இருக்கு?"

"மிச்சம் இருக்கற மெயில் எல்லாம் இருக்குங்க தம்பி. பத்திரமா வைங்க."

சாமி படத்துக்குக் கீழே இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து, செக் புக்குக்குப் பக்கத்தில் வைத்து, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.